ஒரு கார்ட்டூன் நாயகனுக்குக் குரலாக மாறுவது எப்படி? மும்பையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

டோரா என்று சொன்னதும் உங்களுக்கு முதலில் வருவது முகமா, குரலா? 2007-இல் சுட்டி டிவி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த யாரைக் கேட்டாலும் குரல் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெண்ணும் அவளுடைய குரங்குத் தோழன் புஜ்ஜியும் நம் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் போலத் தமிழ் பேசினார்கள். பேசியவர்களின் பெயர் மட்டும் பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது.

நான் மாட்டுங்காவில் இருக்கிறேன். பதினெட்டு வருடங்களாக மும்பையில் தமிழ் டப்பிங் பேசுகிறேன். சினிமா டப்பிங் என்றால் சென்னைதான். ஆனால் கார்ட்டூன், விளம்பரம், ஓடிடி தொடர் போன்றவற்றை ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு மொழிகளில் முடிக்கிற ஸ்டூடியோக்கள் மும்பையில் உண்டு. அதனால் தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை இருக்கிறது. அவர்களில் பலர் என்னிடம் வந்து, "அக்கா, நான் நல்லா குரல் மாத்திப் பேசுவேன், சான்ஸ் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். குரல் மாற்றத் தெரிவது நல்லதுதான். ஆனால் ஒரு நாயகனின் குரலாக ஆவதற்கு அது மட்டும் போதாது. அந்தப் பையன் எதற்குப் பயப்படுவான், எதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டான் என்று தெரிந்துகொண்டு, அதே ஆளாகப் பல வருடம் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

முதல் படி: அவன் எதை மறைக்கிறான் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். மைக் முன்னால் நிற்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

கெவின் கான்ராய் என்றொரு நடிகர். நியூயார்க்கின் ஜூலியார்டு நாடகப் பள்ளியில் படித்தவர். 1992-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடருக்குக் குரல் கொடுக்க வந்தபோது அவருக்கு அந்தக் காமிக்ஸ் உலகம் அவ்வளவாகத் தெரியாது. கதையைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். சிறு வயதில் கண்ணெதிரே பெற்றோர் கொல்லப்படுகிறார்கள், பையன் பெரும் பணக்காரனாகவே வளர்கிறான், இரவானால் முகமூடி போட்டுக்கொண்டு கிளம்புகிறான். கான்ராய்க்குப் பிடிபட்டது இதுதான்: முகமூடி போட்ட பேட்மேன்தான் உண்மையான ஆள். பகலில் சிரித்துப் பேசித் திரிகிற பணக்காரன் புரூஸ் வெய்ன்தான் வேஷம்.

அந்த ஒரு முடிவிலிருந்து இரண்டு குரல்கள் பிறந்தன. புரூஸுக்கு லேசான, கொஞ்சம் விளையாட்டுத்தனமான குரல். பேட்மேனுக்கு அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த குரல். இரண்டும் ஒரே தொண்டைதான், எந்திரம் எதுவும் மாற்றித் தரவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் தொடர்கள், படங்கள், வீடியோ கேம்கள் என்று அவரே அந்தக் குரலாக இருந்தார். 2022 நவம்பர் 10 அன்று 66 வயதில் இறந்தார். தான் தன்பால் ஈர்ப்பாளர் என்பதைப் பல காலம் மறைத்து வாழ நேர்ந்ததையும், இரண்டு முகம் கொண்ட அந்தப் பாத்திரம் தனக்கு ஏன் அவ்வளவு நெருக்கமானது என்பதையும் அதே வருடம் ஒரு காமிக்ஸ் கதையாக எழுதியிருந்தார். அதைப் படித்தவர்களுக்கு அந்தக் குரலின் கனம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

பீட்டர் கல்லன் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடரின் ஆப்டிமஸ் பிரைமுக்கு வாய்ஸ் டெஸ்ட் கொடுக்கக் கிளம்பினார். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய அவருடைய அண்ணன், "நாயகன் என்று கத்திவிட்டு வராதே, மென்மையாக இருக்கிற அளவுக்குப் பலசாலியாக இரு" என்கிற மாதிரி ஒரு புத்தி சொன்னார். கல்லன் தன் அண்ணனையே மனதில் வைத்துப் பேசினார். லாரியாக உருமாறும் ஒரு ராட்சத ரோபோ, வீட்டுப் பெரியவர் போல நிதானமாகப் பேசியது. 2007-இல் அது திரைப்படமானபோதும் அதே ஆள்தான் பேசினார்.

உங்களுக்கு ஒரு பாத்திரம் வந்தால் முதலில் சத்தமில்லாமல் படத்தை ஓட விடுங்கள். அவன் தோற்றால் என்ன செய்கிறான்? யார் முன்னால் மட்டும் தயங்குகிறான்? அம்மா கூப்பிட்டால் முதுகு எப்படி மாறுகிறது? ஒரு காகிதத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எட்டு வருடம் பேசிய ஒரு பையனுக்கு நான் முதலில் எழுதியது, "இவனுக்கு இருட்டு பயம், யாருக்கும் தெரியாது" என்பது. கதையில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் ராத்திரிக் காட்சிகளில் அவன் எப்போதும் கொஞ்சம் வேகமாகப் பேசுவதை நான் கவனித்திருந்தேன்.

இரண்டாம் படி: உங்கள் குரலிலிருந்தே அவன் குரலை எடுங்கள்

வளர்ந்த ஆணின் குரல்நாண் விநாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 130 தடவை அதிரும். பெண்ணுக்கு 200-ஐ ஒட்டி. பத்து வயதுப் பையனுக்கு 250-க்கும் மேலே. ஆண்களுக்கு அது வெகு உயரம், பெண்களான எங்களுக்கோ ஒரு படிக்கட்டு ஏறினால் போதும். இன்னொரு காரணமும் உண்டு. நிஜமான பத்து வயதுப் பையனைப் பேச வைத்தால் மூன்று நான்கு வருடத்தில் அவன் குரல் உடைந்துவிடும், கார்ட்டூன் பையனுக்கோ வயதே ஆகாது. உலகம் முழுக்கச் சிறுவர்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது இதனால்தான். ஹிந்தியில் சோட்டா பீமுக்கும் டோரேமானுக்கும் பேசியவர் சோனல் கௌஷல்.

ஜப்பானில் மசாகோ நொசாவா 1986 முதல் டிராகன் பால் கார்ட்டூனின் நாயகன் கோகுவுக்குப் பேசுகிறார். கோகு வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதே பெண்தான் பேசினார். போதாததற்கு மகன் கோஹானுக்கும் இளைய மகன் கோட்டனுக்கும் அவரே. மலை போன்ற தோளுள்ள ஒரு மனிதனிடமிருந்து அந்தக் குரல் வருவதை நாம் முதன்முறை கேட்டால் ஒரு கணம் திகைப்போம். ஜப்பானியர்களுக்கோ அதுதான் கோகு, வேறு குரலில் கேட்டால்தான் அவர்களுக்குத் திகைப்பு.

சரி, நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? தொண்டையை இறுக்கிக் கீச்சுக்குரல் கொண்டுவராதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் அது தாங்காது, கேட்பவருக்கும் காது வலிக்கும். வாயை வைத்து வேலை செய்யுங்கள். புன்னகைத்தபடி பேசினால் தொண்டையிலிருந்து உதடு வரையிலான குழாய் சற்றுக் குட்டையாகும், குரல் இளமையாகக் கேட்கும். உதட்டைக் குவித்து முன்னே நீட்டினால் குழாய் நீளும், வயது கூடும். நாக்கை முன்பல் பக்கம் கொண்டுவந்து பேசினால் ஆறேழு வயதுக் குழந்தை வரும். ஒரே வாக்கியத்தை இந்த மூன்று விதமாகவும் ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். அரை மணி நேரம் பேசியும் தொண்டை வலிக்காமல் வருவது எதுவோ அதுதான் உங்கள் பையன்.

மூன்றாம் படி: தமிழ்

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வேகம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் வளர்ந்த நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், வெளியே ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றோடு வளர்கிறார்கள். அது பெரிய சொத்து. ஆனால் மைக் எதையும் மன்னிக்காது. ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். ற, ர இரண்டும் கலந்துவிடும். சொல்லின் கடைசியில் வரும் உகரத்தை ஹிந்திப் பழக்கத்தில் விழுங்கிவிடுவோம்: "எனக்கு" என்பது "எனக்க்" என்று நின்றுபோகும். ப வரும் இடத்தில் மூச்சு அதிகமாகப் பாய்ந்து மைக்கில் பொத்தென்று அடிக்கும்.

மருந்து பழையதுதான். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்" என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்ததை முதலில் மெதுவாகச் சொல்லுங்கள். அப்புறம் வேகமாக, அப்புறம் அழுதுகொண்டே, அப்புறம் ஓடிக்கொண்டே. கோபத்தில் கத்தும்போதும் ழ நின்றால்தான் அது உங்களுடையது.

நாயகன் எந்தத் தமிழ் பேச வேண்டும்? தாராவியில் பல குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவை. "ஏலே, என்னல செய்த" என்கிற தமிழ் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. மாட்டுங்காவில் பாலக்காட்டுத் தமிழ் கேட்கும். சேனல்கள் நாயகனுக்குக் கேட்பது எந்த ஊருமில்லாத பேச்சுத் தமிழ். அதற்காக உங்கள் ஊர்த் தமிழைத் தூக்கி எறிய வேண்டாம். பக்கத்து வீட்டுத் தாத்தா, மீன்காரர், குறும்புக்கார நண்பன் எல்லோரும் அதிலிருந்துதான் வருவார்கள். நாயகன் மட்டும் பொதுத் தமிழில் பேசட்டும். புத்தகத் தமிழை மட்டும் அவன் வாயில் வைக்காதீர்கள். "என்னைப் பின்தொடர்ந்து வாருங்கள்" என்று எந்தப் பத்து வயதுப் பையனும் சொல்ல மாட்டான். "எல்லாரும் என் பின்னாடியே வாங்க" என்பான். ஸ்கிரிப்டில் அப்படி எழுதியிருந்தால் எழுதியவரிடம் மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் மாற்ற விடுவார்கள்.

நான்காம் படி: வாய்ஸ் டெஸ்ட்

ஸ்டூடியோக்களில் பல அந்தேரி மேற்கில், வெர்சோவா, ஓஷிவாரா பக்கம். மாட்டுங்காவிலிருந்து என்றால் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் வெஸ்டர்ன் லைன் ஏறிவிடலாம். செம்பூர்க்காரர்களுக்குக் காட்கோபர் வந்து மெட்ரோ பிடிப்பது சுலபம். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்கள். மூச்சிரைக்கப் போய் நின்றால் டெஸ்ட் முழுக்க அந்த மூச்சுதான் கேட்கும்.

ஒன்றரை நிமிட மாதிரிப் பதிவு ஒன்று போதும். அதில் எட்டுக் குரல் காட்டாதீர்கள், மூன்று காட்டுங்கள், ஒன்றாவது உங்கள் சொந்தக் குரலாக இருக்கட்டும். வாய்ப்பு வாங்கித் தருகிறேன், முதலில் பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ரெக்கார்டிங் பூத்துக்குள்

அமெரிக்காவில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்துவிட்டுப் படத்தை அதற்கேற்ப வரைவார்கள். கான்ராய் நடித்த அந்தத் தொடரில் குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரோமானோ நடிகர்களை ஒன்றாக உட்கார வைத்து நாடகம் போலப் பதிவு செய்தார். ஜப்பானில் படத்தைப் பார்த்தபடி எல்லோரும் ஒரே அறையில் நின்று, தம் முறை வரும்போது மைக்குக்கு வந்து பேசிவிட்டு விலகுவார்கள். நமக்கு இரண்டும் இல்லை. நாம் தனியாக நிற்போம். காதில் அசல் மொழி ஓடும், கண்ணெதிரே வாய் அசையும், கையில் ஸ்கிரிப்ட் இருக்கும். எதிரில் பேசுகிறவர் முந்தாநாளே வந்து பேசிவிட்டுப் போயிருப்பார், அல்லது அடுத்த வாரம்தான் வருவார்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். கத்தும் இடத்தில் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். காகிதம் சலசலக்கும், வளையல் ஒலிக்கும், பசித்த வயிறும் சத்தம் போடும். மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதட்டசைவில் முக்கியம் ப, ம, இந்த இரண்டு எழுத்துகளும்தான். இவற்றுக்கு மட்டும்தான் உதடு முழுவதும் மூடும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதும் அந்த மூடல்தான். மற்றவை கொஞ்சம் முன்பின் போனாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஓர் உதாரணம். ஆங்கிலத்தில் பையன் நண்பனைப் பார்த்து "கமான்!" என்கிறான். ஸ்கிரிப்டில் "வாடா நாம போகலாம்" என்று இருக்கிறது. வாய் இரண்டு தடவை திறந்து மூடிவிட்டது, நீங்களோ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். "வாடா" என்று சுருக்கினால் உதடு மூடும் இடத்தில் ம இல்லை. "கிளம்பு!" என்று போட்டுப் பாருங்கள். க-வில் தொடங்கி, ம்பு-வில் உதடு மூடித் திறக்கிறது. அப்படியே உட்காரும். அதோடு அவன் தலைவன் என்பதும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. இப்படி ஒரு சொல் கிடைக்கிற நாளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்தது, பலரும் அலட்சியம் செய்கிற ரியாக்‌ஷன்கள். ஓடும் மூச்சு, விழும்போது வரும் "ம்ஹ்", வாயில் சோற்றோடு பேசுவது, தூக்கத்தில் முனகுவது. இசையும் பின்னணிச் சத்தமும் தனி ட்ராக்கில் வரும், ஆனால் அசல் நடிகரின் மூச்சு அதில் வராது. ஒவ்வொரு மூச்சையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வசனத்தை எழுதியவர் வேறொருவர், மூச்சு முழுக்க உங்களுடையது. குழந்தைகள் ஒரு நாயகனை அடையாளம் கண்டுகொள்வது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேச ஆரம்பிக்கும் முன்பே, அவன் வேலியிலிருந்து குதிக்கும் சத்தத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது ஒரு சவுண்ட் இன்ஜினியர். மராத்திக்காரர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பையன் நாய்க்குட்டியைத் தொலைத்துவிட்டு அழும் காட்சி. டப்பிங் டைரக்டர் சார் ஓகே சொல்லிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்ஜினியர், "தாயீ, மஜா நஹி ஆயா" என்றார். அக்கா, நல்லா வரலை என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. மொழி தெரியாதவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே திரும்பப் போட்டுக் கேட்டேன். நான் அழுகைக்கு நடுவே சொற்களைத் திருத்தமாக உச்சரித்திருந்தேன். மூச்சு உடையவே இல்லை. அடுத்த டேக்கில் கடைசிச் சொல்லை முடிக்காமல் விட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்று முதல் அர்த்தம் தெரியாத ஒருவருக்கும் புரிகிறதா என்று பார்த்துத்தான் டேக்கை ஒத்துக்கொள்கிறேன்.

ஆறாம் படி: தொண்டை

கத்தும் காட்சிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். இது சலுகை கேட்பதாகாது, இந்தத் தொழிலின் முறையே அதுதான். நான் புதிதாக வந்த காலத்தில் ஒரு ஸ்டூடியோவில் காலை ஒன்பது மணிக்கே சண்டைக் காட்சிகளை எடுத்தார்கள், நான்கு எபிசோடுக்குச் சேர்த்து. கேட்கப் பயமாக இருந்தது. மதியம் குரல் கரகரத்தது, சாயங்காலம் காற்று மட்டும்தான் வந்தது. மூன்று வாரம் பேசாமல் இருக்கச் சொன்னார் டாக்டர். காய்கறிக்காரரிடம் கூட ஜாடையில்தான் பேசினேன். அதற்குள் அந்தப் பாத்திரம் வேறொருவருக்குப் போய்விட்டது.

குளிரூட்டாத தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், ஒரு மடக்கு ஒரு மடக்காகக் குடியுங்கள். பதிவுக்கு முன்னால் பால், தயிர் வேண்டாம், சளி கோத்தது போல் ஒட்டும். ராத்திரி ஆவி பிடிப்பது நல்லது. கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கை வைத்தியத்தில் காலம் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஏழாம் படி: பல வருடம் அதே ஆளாக இருப்பது

முதல் சீசன் முடிந்து பதினான்கு மாதம் கழித்து இரண்டாவது சீசன் வரும். அதற்குள் நீங்கள் வேறு இருபது பேராகப் பேசியிருப்பீர்கள். ஆகவே முதல் வாரத்திலேயே இன்ஜினியரிடம் கேட்டு, ஸ்டூடியோவின் அனுமதியோடு, அரை நிமிடப் பதிவு ஒன்றைத் தனியாக எடுத்து அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். அதில் அவன் சாதாரணமாகப் பேசுவது ஒன்று, சிரிப்பது ஒன்று, கத்துவது ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பதிவு தொடங்கும் முன்னால் அதைக் கேளுங்கள்.

கூடவே அவனுக்கென்று ஒரு சாவி வாக்கியம் வேண்டும். எந்த வாக்கியத்தைச் சொன்னால் அவன் உடனே உங்கள் உடம்புக்குள் வந்துவிடுகிறானோ, அது. என் பையனுக்கு அது "அம்மா, நான் பார்த்துக்கறேன்" என்பது. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சொல்லிக்கொள்வேன். பாந்த்ரா தாண்டுவதற்குள் தோள் தானாக நிமிர்ந்துவிடும்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியிடுவதற்கு முன்னால் யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை எப்போதும் இருக்கும், அதை மதியுங்கள். ஆனால் உங்கள் குரலைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கவோ நகலெடுக்கவோ பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன், இரண்டு முறையும் நீக்கினார்கள்.

கடைசிப் படி: அடுத்தவருக்குக் கொடுப்பது

நோபுயோ ஓயாமா 1979 முதல் 2005 வரை, இருபத்தாறு வருடம் டோரேமானாக இருந்தார். பிறகு வாசாபி மிசுதா வந்தார், இன்றைய ஜப்பானியக் குழந்தைகளுக்கு அவர்தான் டோரேமான். எந்தக் குரலுக்கும் ஒரு நாள் இது வரும்.

நான் எட்டு வருடம் பேசிய அந்தப் பையன் என்னிடம் பிறந்தவன் இல்லை. எனக்கு முன்னால் பேசிய அக்கா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோது அவன் என்னிடம் வந்தான். நான் அவருக்கு ஃபோன் செய்து, எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டேன். "பேசறது உனக்கே வந்துடும். சிரிப்பை மட்டும் கவனிச்சுக்கோ. அவன் சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு உள்ள இழுப்பான்" என்றார். அந்த ஒரு மூச்சை வைத்துக்கொண்டுதான் முதல் வாரத்தைத் தாண்டினேன்.

போன வருடம் நான் அவனை செம்பூரிலிருந்து வரும் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டை அவள் கையில் வைத்தேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படி ஒன்று எழுதிவாருங்கள். என் நோட்டில் இருப்பவை இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான்: இருட்டில் வேகமாகப் பேசுவான். தாத்தா பெயரைச் சொல்லும்போது குரல் தாழும். பொய் சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்குவான். ஓடி முடித்ததும் மூச்சு வாங்குவான், ஆனால் தங்கை பக்கத்தில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு மூக்கால் வாங்குவான், அவளுக்குக் கேட்கக்கூடாது என்று.